சிறிய வீட்டு லேத்தில் டைட்டானியம் கடைவது எப்படி: முழுமையான வழிகாட்டி

வீட்டுப் பட்டறையில் பித்தளையும் அலுமினியமும் மைல்டு ஸ்டீலும் கடைந்து பழகிய கை, முதன்முறையாக டைட்டானியத் தண்டை லேத்தின் (கடைசல் இயந்திரத்தின்) சக்கில், அதாவது கவ்விச் சுழற்றும் பிடியில், பூட்டும்போது பெரும்பாலும் ஒரே தவற்றைச் செய்கிறது. விலை அதிகமான உலோகம், கடினமான உலோகம் என்ற அச்சத்தில் ஃபீடை, அதாவது ஒரு சுற்றுக்கு வெட்டும் டூல் நகரும் தூரத்தை, குறைத்து, வெட்டின் ஆழத்தையும் குறைத்து, மெல்லத் தடவித் தடவிப் பார்க்கிறது. மற்ற உலோகங்கள் அந்தத் தயக்கத்தைப் பொறுத்துக்கொள்ளும், டைட்டானியம் பொறுக்காது. சுழல் வேகத்தில் அடக்கமும் ஃபீடில் உறுதியும் வேண்டும் என்பதே இந்த உலோகத்தின் முதல் விதி, கீழே வரும் எல்லாமே அந்த விதியின் விரிவுதான்.

இங்கே நான் மனத்தில் வைத்திருப்பது மேசைமேல் வைக்கும் சிறிய லேத்தை: பெட்டுக்கு (அடித்தளத் தண்டவாளத்துக்கு) மேல் சுமார் 180 மி.மீ. விட்டம் சுழலும், தண்டை இரு முனையிலும் தாங்கும் சென்டர்களுக்கு இடையே 300 முதல் 350 மி.மீ. நீளம் கிடைக்கும், மோட்டார் அரைக் குதிரைத்திறன் அளவில் இருக்கும். பணிக்கு எடுத்துக்கொண்டது ஒரு காலர் (விளிம்பு வளையம்) வைத்த புஷ், அதாவது நடுவில் துளையுள்ள சிறு உருளை. 20 மி.மீ. தண்டிலிருந்து 12 மி.மீ. விட்டமும் 15 மி.மீ. நீளமும் உள்ள உடல், அதன் பின்னால் 18 மி.மீ. விட்டமும் 3 மி.மீ. தடிப்பும் உள்ள காலர், நடுவில் 8 மி.மீ. துளை. பேசிங் (முனை முகத்தைச் சீவுதல்), துளையிடுதல், டர்னிங் (வெளிவிட்டத்தைக் கடைதல்), பார்ட்டிங் (அறுத்துப் பிரித்தல்) ஆகிய நான்கும் இதில் வந்துவிடுகின்றன. மரை வெட்டுவதைத் தனியே சொல்கிறேன்.

வெப்பம் எங்கே போகிறது

மைல்டு ஸ்டீலைக் கடையும்போது உண்டாகும் வெப்பத்தில் கணிசமான பங்கு சுருளோடு வெளியேறிவிடுகிறது, இன்னொரு பங்கு தண்டுக்குள் பரவிவிடுகிறது. டைட்டானியத்தில் அப்படி நடப்பதில்லை. மைல்டு ஸ்டீலின் வெப்பக் கடத்துதிறன் மீட்டர்-கெல்வினுக்குச் சுமார் 50 வாட், 6061 அலுமினியத்துக்குச் சுமார் 167 வாட். கிரேடு 5 என்ற டைட்டானியக் கலப்புக்கோ ஏறத்தாழ 6.7 வாட் மட்டுமே. தண்டு வெப்பத்தை வாங்கிக்கொள்ள மறுக்கிறது, சுருளும் மறுக்கிறது, மிஞ்சியிருப்பது டூலின் முனை. மேலும் டைட்டானியச் சுருள் டூலின் முகத்தை மிகக் குறுகிய தூரமே தொட்டுச் செல்வதால், அந்த வெப்பமும் அழுத்தமும் வெட்டும் விளிம்பை ஒட்டிய ஒரு சிறு பட்டையில் குவிகின்றன. வேகத்தைக் கூட்டினால் வெட்டும் விளிம்பு சில விநாடிகளில் உருக்குலைவதற்கு இதுவே காரணம்.

இரண்டாவது குணம் அதன் நெகிழ்ச்சி. கிரேடு 5 டைட்டானியத்தின் இழுவலிமை 900 மெகாபாஸ்கல் அளவில் இருந்தாலும், அதன் விறைப்பைக் காட்டும் யங் குணகம் சுமார் 114 கிகாபாஸ்கல்தான். ஸ்டீலுக்கு 200-க்கு மேல். அதாவது ஒரே விசைக்கு டைட்டானியம் ஸ்டீலைப்போல் கிட்டத்தட்ட இருமடங்கு வளைந்துகொடுக்கிறது. டூல் மிக மெல்லிய படலத்தைச் சீவ முயன்றால் உலோகம் வெட்டுப்படாமல் விலகி, டூல் கடந்தபின் திரும்பி வந்து அதன் அடிப்பக்கத்தை உரசும். உரசினால் வெப்பம், வெப்பத்தால் மழுங்கல், மழுங்கினால் மேலும் உரசல் என்று அது சுற்றிச் சுற்றி வளரும்.

மூன்றாவது, சூடான டைட்டானியம் கையில் கிடைக்கும் எதனோடும் சேரத் துடிக்கும். கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கரையில் காணும் கருமணலின் இல்மனைட்டே டைட்டானியத்தின் முதன்மையான தாதுக்களில் ஒன்று. அவ்வளவு தாராளமாக மண்ணில் கிடந்தும் அந்த உலோகம் விலை உயர்ந்திருப்பதற்குக் காரணம், ஆக்சிஜனை அது விட மறுப்பதுதான். 1940-களில் வழக்குக்கு வந்த குரோல் முறையில் தாதுவை முதலில் டெட்ரா குளோரைடாக்கி, பிறகு காற்றுப் புகாத கலத்தில் மெக்னீசியத்தைக் கொண்டு உலோகத்தைப் பிரிக்கிறார்கள். தாதுவில் ஆக்சிஜனைப் பற்றிக்கொண்டிருந்த அதே குணம்தான் லேத்தில் டூல் முனையோடு ஒட்டிக்கொள்வதாக வெளிப்படுகிறது. ஒட்டிய துகள் பிய்ந்து போகும்போது டூல் முனையிலுள்ள கடினமான கார்பைடின் ஒரு துணுக்கையும் சேர்த்து எடுத்துச் செல்லும்.

தண்டைத் தெரிந்து வாங்குதல்

வீட்டுப் பட்டறைக்குப் பெரும்பாலும் கிடைப்பவை இரண்டு. கிரேடு 2 என்பது கலப்பில்லாத வணிகத் தூய்மையுள்ள டைட்டானியம். மென்மையானது, பிசுபிசுவென்று இழுபடும், நீண்ட சுருளாக வரும். கிரேடு 5 என்பது 6 சதவீத அலுமினியமும் 4 சதவீத வனேடியமும் சேர்ந்த கலப்பு. வலுவானது, அளவு பிடிக்க எளிதானது. புதிதாகத் தொடங்குகிறவருக்குக் கிரேடு 2 எளிதாக இருக்கும் என்று தோன்றும். என் அனுபவத்தில் கூர்மையான டூல் இருந்தால் கிரேடு 5-இல்தான் நல்ல மேற்பரப்பு வருகிறது, சுருளும் கையாளக்கூடியதாக வருகிறது.

துண்டு விலைக்கு வாங்கும்போது அது டைட்டானியம்தானா என்பதைத் தராசில் பார்த்துவிடலாம். 20 மி.மீ. விட்டமும் 100 மி.மீ. நீளமும் உள்ள தண்டின் கன அளவு 31.4 கன செ.மீ. அது கிரேடு 5 ஆக இருந்தால் சுமார் 139 கிராம் இருக்கும். ஸ்டீல் 247 கிராமும் அலுமினியம் 85 கிராமும் இருக்கும். காந்தத்தில் ஒட்டாத ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை டைட்டானியம் என்று நம்பி வாங்கியவருக்கு இந்த ஒரு எடையே உண்மையைச் சொல்லிவிடும். கிரைண்டரில் தொட்டால் பளீரென்ற வெள்ளைப் பொறி வரும் என்பதும் உண்மைதான், ஆனால் அந்தச் சோதனையை வீட்டில் நான் பரிந்துரைப்பதில்லை. காரணம் தீ பற்றிய பகுதியில் வருகிறது.

லேத்தை முதலில் இறுக்குங்கள்

சிறிய லேத்துக்கு டைட்டானியம் கடைய வலு போதாது என்று பலர் சொல்வார்கள். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. 0.5 மி.மீ. ஆழமும் 0.1 மி.மீ. ஃபீடும் வைத்தால் டூல் மீது விழும் விசை ஏறத்தாழ 100 நியூட்டன், அதாவது 10 கிலோ எடை அளவு. நிமிடத்துக்கு 30 மீட்டர் வேகத்தில் இதற்குத் தேவையான திறன் சுமார் 50 வாட். மோட்டார் இதைத் தாராளமாகக் கொடுக்கும். போதாமல் போவது இயந்திரத்தின் விறைப்பு. டைட்டானியச் சுருளை நகைக்கடைக்காரரின் லூப்பில் பார்த்தால் அதன் ஒரு பக்கம் ரம்பப் பல்லைப்போல் வரிவரியாக இருக்கும். உலோகம் ஒரே சீராக வழியாமல் துண்டு துண்டாக நழுவி வெளிவருவதன் அடையாளம் அது. ஒவ்வொரு பல்லுக்கும் விசை ஏறி இறங்குகிறது, டூலைத் தாங்கும் தளர்ந்த ஸ்லைடு அந்தத் தாளத்துக்கு ஆடத் தொடங்குகிறது.

ஆகவே வேலைக்கு முன் ஒரு மாலைப் பொழுதை இதற்கென்றே ஒதுக்குங்கள். டூலைக் குறுக்கே நகர்த்தும் கிராஸ் ஸ்லைடு, அதன் மேலுள்ள காம்பவுண்ட் ஸ்லைடு இரண்டின் ஜிப்புகளையும் (இடைவெளியைச் சரிசெய்யும் பட்டைகளையும்) கைப்பிடி சற்றே கனமாகச் சுழலும் அளவுக்கு இறுக்கிக்கொள்ளுங்கள். ஸ்லைடுகளைத் தாங்கிப் பெட்டில் ஓடும் சேடிலின் அடித்தட்டுகளையும் சரிபாருங்கள். சிறிய லேத்துகளில் தொழிற்சாலையிலிருந்தே அவை தளர்வாக வருவது வழக்கம். காம்பவுண்ட் ஸ்லைடு தேவையில்லாத வேலைகளில் அதன் ஜிப் திருகை இறுக்கி அசையாமல் பூட்டிவிடுங்கள். பிறகு பெட்டின் மேல் டயல் கேஜை (நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் அளவியை) நிறுத்தி, முனையை டூலைப் பிடிக்கும் டூல்போஸ்ட்டில் தொடவைத்து, டூல்போஸ்ட்டைக் கையால் பலமாகத் தள்ளிப் பாருங்கள். 0.05 மி.மீ.க்கு மேல் முள் நகர்ந்தால் நான் அன்று டைட்டானியத்தைத் தொடமாட்டேன்.

தண்டு சக்குக்கு வெளியே எவ்வளவு குறைவாக நீள்கிறதோ அவ்வளவு நல்லது. விட்டத்தைப்போல் மூன்று மடங்குக்கு மேல் நீண்டால் மறுமுனையில் டெயில்ஸ்டாக் தாங்கல் கொடுங்கள், அதுவும் சுழலும் சென்டராக இருக்கட்டும். சுழலாத சென்டரில் டைட்டானியம் உரசிப் பற்றிக்கொள்ளும்.

டூல்

கார்பைடு இன்செர்ட் (டூல் ஹோல்டரில் திருகிப் பொருத்தும் சிறு வெட்டுமுனை) வாங்கப் போனால் கடையில் கொடுப்பது பெரும்பாலும் ஸ்டீலுக்கான சிசிஎம்டி வகை, தங்க நிறப் பூச்சோடு. அதன் விளிம்பு உடையாமலிருக்க வேண்டும் என்று வேண்டுமென்றே சற்று மழுக்கப்பட்டிருக்கும். பெரிய லேத்தில் அது சரி. சிறிய லேத்தில் அந்த மழுங்கிய விளிம்பை டைட்டானியத்துக்குள் தள்ளத் தேவையான விசையை நம் ஸ்லைடுகள் தாங்குவதில்லை. அதற்குப் பதிலாக அலுமினியத்துக்கென்று விற்கும் சிசிஜிடி இன்செர்ட்டைக் கேளுங்கள். மூன்றாவது எழுத்தான 'ஜி' துல்லியமாகத் தேய்க்கப்பட்டதைக் குறிக்கும். பூச்சு இருக்காது, முகம் கண்ணாடிபோல் மின்னும், விளிம்பு நகத்தில் வைத்தால் சீவும். 060204 என்ற அளவு சிறிய டூல் ஹோல்டர்களுக்குப் பொருந்தும். கடைசி 04 என்பது முனையின் வளைவு ஆரம் 0.4 மி.மீ. என்பதைச் சொல்கிறது. அதிர்வு வந்தால் 02-க்கு மாறலாம். தங்க நிற டைட்டானியம் நைட்ரைடு பூச்சைத் தவிருங்கள். டைட்டானியத்தோடு உறவாடும் பூச்சை டைட்டானியத்துக்கே கொண்டுபோவதில் பயனில்லை.

ஹெச்எஸ்எஸ் (ஹை ஸ்பீட் ஸ்டீல்) டூலாலும் முடியும், கோபால்ட் கலந்ததாக இருந்தால் இன்னும் நன்று. கைப்பட உரசித் தீட்டும்போது மேல்முகச் சாய்வை 10 முதல் 15 டிகிரியும், அடிப்பக்க விலகலை வழக்கமான 6 டிகிரிக்குப் பதிலாக 10 டிகிரியும் வையுங்கள். உலோகம் திரும்பி வந்து உரசும் என்று மேலே சொன்னேன் அல்லவா, அதற்கு இடம் விடுவதற்காகத்தான் இந்தக் கூடுதல் விலகல். தீட்டிய பிறகு எண்ணெய்க் கல்லில் விளிம்பை மெருகேற்றுங்கள்.

டூலின் உயரம் சென்டரோடு சரியாக இருக்க வேண்டும். பேசிங் முடிவில் நடுவில் ஒரு சிறு மொட்டு நின்றால் உயரம் தவறு. பித்தளையில் அதை உடைத்துவிட்டுப் போகலாம், டைட்டானியத்தில் அந்த மொட்டு இன்செர்ட்டின் முனையை எடுத்துக்கொண்டுதான் போகும்.

வேகம், ஃபீட், ஆழம்

கிரேடு 5-க்குக் கார்பைடால் நிமிடத்துக்கு 30 முதல் 40 மீட்டர், ஹெச்எஸ்எஸ்ஸால் 8 முதல் 12 மீட்டர் என்று தொடங்குங்கள். தொழிற்சாலைகளில் இதைவிட வேகமாக ஓட்டுகிறார்கள், ஆனால் அங்கே கூலன்ட் (குளிர்விக்கும் திரவம்) அருவியாகக் கொட்டுகிறது. சுற்று எண்ணிக்கையைக் கணக்கிட, வெட்டு வேகத்தை 318-ஆல் பெருக்கி விட்டத்தின் மி.மீ. அளவால் வகுத்தால் போதும். 20 மி.மீ. தண்டை 35 மீட்டர் வேகத்தில் கடைய நிமிடத்துக்குச் சுமார் 555 சுற்று. அதே வேகத்துக்கு 12 மி.மீ. விட்டத்தில் 930 சுற்று. ஹெச்எஸ்எஸ் என்றால் 20 மி.மீ.க்கு 160 சுற்று. மின்னணுக் கட்டுப்பாடுள்ள சிறிய லேத்துகளில் குறைந்த சுற்றில் முறுக்குவிசை சரிந்துவிடும். ஆகவே நாப்பைத் திருகி மட்டும் வேகத்தைக் குறைக்காமல் கியர் லீவரை லோவில் போடுங்கள்.

ஃபீட் ஒரு சுற்றுக்கு 0.08 முதல் 0.12 மி.மீ. ஆழம், அளவு பிடிக்கும் கடைசி வெட்டுகளைத் தவிர, 0.4 முதல் 0.8 மி.மீ. இதில் கீழ் எல்லையைத்தான் நினைவில் வைக்க வேண்டும். டர்னிங்கில் 0.05 மி.மீ. ஆழத்தில் ஒரு கடைசி மெருகு வெட்டு என்ற பழக்கத்தை இங்கே விட்டுவிடுங்கள். ஃபீட் நின்ற பிறகு டூல் ஒரு சுற்றுகூடத் தண்டைத் தொட்டுக்கொண்டு நிற்கக் கூடாது. முதலில் டூலை வெளியே இழுங்கள், பிறகு ஃபீடை நிறுத்துங்கள்.

கூலன்டுக்கு நீரில் கலக்கும் எண்ணெய்தான் நல்லது, ஏனென்றால் நமக்கு வழுக்கலைவிடக் குளிர்ச்சி முக்கியம். பம்பு இல்லாதவர்கள் குளுக்கோஸ் ஏற்றும் குழாயைப்போல் ஒரு சொட்டுக் குழாயை மேலே தொங்கவிட்டுத் தொடர்ந்து விழச் செய்யலாம். குளிர்ந்தும் காய்ந்தும் மாறி மாறி வந்தால் கார்பைடு விரிசல் விடும். ஊற்றுவதானால் இடைவிடாமல் ஊற்றுங்கள், இல்லையென்றால் வேகத்தை 25 மீட்டருக்கு இறக்கி உலர்வாகவே கடையுங்கள்.

தொடங்கும் முன் தீயைப் பற்றி

டைட்டானியத் தண்டு தீப்பிடிக்காது. அதன் மெல்லிய சுருளும் தூளும் பிடிக்கும், பிடித்தால் கண் கூசும் வெள்ளை ஒளியோடு எரியும். மழுங்கிய டூல், மெல்லிய ஃபீட், அதிக வேகம் ஆகிய மூன்றும் சேரும்போது இது நடக்கிறது. தட்டில் எண்ணெய்த் துணியோ பழைய சுருள் குவியலோ இருந்தால் அது பரவ வழி கிடைத்துவிடும். என் பட்டறையில் ஒருமுறை டூல் முனையிலேயே மயிரிழைபோன்ற ஒரு சுருள் பற்றி, இரண்டு விரல் நீளத்துக்கு வெள்ளையாக ஓடி அணைந்தது. தட்டு சுத்தமாக இருந்ததால் அத்தோடு முடிந்தது.

எரியும் டைட்டானியத்தின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. அந்த வெப்பத்தில் உலோகம் நீரின் ஆக்சிஜனைப் பறித்துக்கொண்டு ஹைட்ரஜனை வெளியே விடும். கார்பன் டை ஆக்சைடு அணைப்பானும் பயன்படாது, டைட்டானியம் அந்த வாயுவிலேயே எரியக் கூடியது. கூலன்ட் சுருள் பற்றாமல் தடுக்கும். பற்றிய குவியலை அணைக்க அதை நம்பக் கூடாது. உலோகத் தீக்கான டி வகை அணைப்பான் வீட்டில் இருப்பது அரிது, ஆகவே நன்கு உலர்ந்த மணலை ஒரு மூடிய வாளியில் லேத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். எரியும் குவியலைக் கலைக்காமல், வீசியடிக்காமல், மேலிருந்து மெதுவாக மூடி, ஆறும்வரை அப்படியே விடுங்கள். ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் சுருளை அள்ளி மூடியுள்ள இரும்பு டப்பாவில் போடுங்கள்; ஸ்டீல், அலுமினியச் சுருளோடு கலக்க வேண்டாம். பெல்ட் கிரைண்டரில் டைட்டானியத்தைத் தேய்க்கும் எண்ணத்தையும் விடுங்கள், அங்கே சேர்வது தூள், ஸ்டீலின் பொறி அதன் மேல் விழும்.

கண்ணாடி அணியுங்கள். கையுறை அணிந்து லேத்தை ஓட்டாதீர்கள். சுருளை விரலால் இழுக்காதீர்கள், கொக்கியால் இழுங்கள். டைட்டானியச் சுருளின் விளிம்பு பிளேடுக்குச் சமம்.

புஷ்ஷைக் கடைதல்

தண்டைச் சக்கில் 28 மி.மீ. வெளியே நீளுமாறு பூட்டி, சக் சாவியை மூன்று துளைகளிலும் இறுக்குங்கள். சேடிலைப் பூட்டிவிட்டு முதலில் பேசிங். சிறிய லேத்துகளில் குறுக்கு ஃபீட் கையால்தான், அதனால் தாளத்தை முன்கூட்டியே மனத்தில் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். 480 சுற்றில் ஒரு சுற்றுக்கு 0.1 மி.மீ. என்றால் நிமிடத்துக்கு 48 மி.மீ.; ஆகவே விளிம்பிலிருந்து நடு வரையிலான 10 மி.மீ.யைச் சுமார் 12 விநாடியில் கடக்க வேண்டும். உங்கள் கிராஸ் ஸ்லைடு கைப்பிடியின் ஒரு சுற்றுக்கு 1 மி.மீ. நகருமானால், ஒன்றேகால் விநாடிக்கு ஒரு சுற்று. லேத்தை ஓட்டாமல் இந்தத் தாளத்தைக் கையில் ஒருமுறை பழகிப் பாருங்கள். 0.4 மி.மீ. ஆழம் வைத்து நிற்காமல் நடுவரை போய், அங்கேயே நிற்காமல் சேடிலை விலக்குங்கள்.

அடுத்தது துளை. வெளிவிட்டத்தைக் குறைக்கும் முன்பே துளையைப் போடுவது நல்லது, தண்டு தடிமனாக இருக்கும்போது விசையைத் தாங்கும். குட்டையான சென்டர் டிரிலால் குழி போட்டு, 5 மி.மீ. கோபால்ட் டிரில் பிட்டால் தொடங்குங்கள். 135 டிகிரி முனையும் குட்டை உடலும் உள்ளதாக இருந்தால் அலையாது. நிமிடத்துக்கு 9 மீட்டர் வேகத்துக்கு 570 சுற்று. டெயில்ஸ்டாக் சக்கரத்தைத் தயங்காமல் சுழற்றி 4, 5 மி.மீ. உள்ளே சென்றதும் சட்டென்று முழுவதும் வெளியே எடுத்து, சுருளைத் துடைத்து, கூலன்ட் விட்டு மீண்டும் உள்ளே செல்லுங்கள். துளையின் அடியில் டிரிலை நிறுத்திக்கொண்டு சுருளை எட்டிப் பார்ப்பதுதான் டிரிலை எரிக்கும் வழி. 22 மி.மீ. ஆழம் போதும். பிறகு 7.7 மி.மீ. டிரில், 370 சுற்றில். இறுதியாகத் துளையைச் சரியான அளவுக்குச் சீவும் 8 மி.மீ. ரீமர், 200 சுற்றில், நிறையக் கட்டிங் ஆயிலோடு ஒரே மூச்சில் உள்ளே போய் ஒரே மூச்சில் வெளியே வர வேண்டும். 7.9 மி.மீ. துளையில் ரீமர் போடாதீர்கள். அது சீவ உலோகம் போதாமல் தேய்க்கத் தொடங்கி, பல்லில் ஒட்டிக்கொண்டு, துளையை வரிவரியாகக் கீறிவிடும்.

இப்போது வெளிவிட்டம். 555 சுற்றில், 0.1 மி.மீ. தானியங்கி ஃபீடில், 22 மி.மீ. நீளத்துக்கு 20-லிருந்து 18 மி.மீ.க்குக் கொண்டுவாருங்கள். அரை மி.மீ. ஆழத்தில் இரண்டே வெட்டு. முதல் வெட்டின்போது மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டுச் சுருளையும் ஒலியையும் கவனியுங்கள். சரியான வெட்டில் சுருள் வெள்ளிநிறத்தில், இறுக்கமான சிறு சுருட்டையாக, காகிதத்தைக் கத்தரிப்பது போன்ற சீரான ஒலியோடு வரும். வைக்கோல் நிறம் தட்டினால் வேகம் எல்லையில் இருக்கிறது என்று பொருள். நீலமாகவோ ஊதாவாகவோ மாறினால் வேகத்தைக் குறையுங்கள் அல்லது இன்செர்ட்டைத் திருப்புங்கள். கீச்சென்ற ஒலி கேட்டால் உரசுகிறது, ஃபீடைக் கூட்டிப் பாருங்கள். பெரும்பாலும் ஒலி நின்றுவிடும். ஃபீடைக் கூட்டுவது கைக்கு எதிரானதாகத் தோன்றும், ஆனால் ஒருமுறை செய்து பார்த்தவருக்கு மறுமுறை தயக்கம் இருக்காது.

18-லிருந்து உடலை 12.6 மி.மீ.க்கு இறக்குங்கள், 15 மி.மீ. நீளம் மட்டும். விட்டம் குறையக் குறையச் சுற்றைச் சற்றுக் கூட்டலாம். ஒவ்வொரு வெட்டின் முடிவிலும் காலரின் தோள்பட்டையைத் தொடுவதற்கு அரை மி.மீ. முன்பே டூலை வெளியே இழுத்து, அதே கணத்தில் ஹாஃப் நட்டை (தானியங்கி ஃபீடை இணைக்கும் நட்டை) விடுவியுங்கள். மிச்சமுள்ள அரை மி.மீ.யைக் கடைசியில் ஒரே பேசிங் வெட்டாக எடுக்கலாம்.

அளவு பிடிப்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. டூலும் தண்டும் விசைக்கு ஏற்ப விலகுவதால், டயலில் நீங்கள் வைத்த ஆழமும் உண்மையில் வெட்டுப்பட்ட ஆழமும் ஒன்றாக இருப்பதில்லை. ஆகவே மீதமுள்ள 0.6 மி.மீ. விட்டத்தை இரண்டு சம வெட்டுகளாகப் பிரியுங்கள். முதல் வெட்டில் 0.15 மி.மீ. ஆழம் வைத்து எடுத்துவிட்டு, தண்டு ஆறியபின் மைக்ரோமீட்டரில் அளந்து பாருங்கள். 12.30 வர வேண்டிய இடத்தில் 12.32 வந்திருந்தால் அந்த 0.02-தான் உங்கள் லேத்தின் விலகல். அடுத்த வெட்டும் ஏறத்தாழ அதே ஆழம், அதே வேகம், அதே ஃபீட் என்பதால் விலகலும் பெரிதாக மாறாது. அளந்ததைக் கொண்டு டயலைத் திருத்தி ஒரே வெட்டில் 12.00-ஐத் தொடலாம். சூட்டைப் பற்றி மிகவும் கவலைப்பட வேண்டியதில்லை, 12 மி.மீ. விட்டம் 50 டிகிரி கூடுதல் சூட்டில் 0.005 மி.மீ. அளவே பெருக்கும். ஆனால் மைக்ரோமீட்டரின் தாடையைச் சூடான தண்டு சூடாக்குவதையும் சேர்த்துக்கொண்டால், பொறுத்து அளப்பதே மேல்.

பார்ட்டிங்தான் சிறிய லேத்தில் கடினமான பகுதி. நான் முதலில் செய்தபோது பாதி ஆழத்தில் கையை நிறுத்திவிட்டு, பிரஷ்ஷால் எண்ணெய் தொட்டு வைத்தேன். அந்த மூன்று, நான்கு விநாடியில் பிளேடு பள்ளத்தின் அடியைத் தேய்த்துப் பளபளப்பாக்கிவிட்டது. மறுபடியும் தள்ளியபோது பிடிக்கவில்லை, இன்னும் அழுத்தினேன், திடீரென்று பிடித்தது, பிளேடு முறிந்து டூல்போஸ்ட் திரும்பிப் போயிற்று. அதன் பிறகு கூலன்ட் சொட்டுக் குழாயை வைக்காமல் நான் பார்ட்டிங் செய்வதில்லை.

2 மி.மீ. அகலமுள்ள பிளேடை எவ்வளவு குட்டையாகப் பிடிக்க முடியுமோ அவ்வளவு குட்டையாகப் பிடித்து, அது தண்டுக்குச் செங்குத்தாக இருக்கிறதா என்று சக்கின் முகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சேடிலைப் பூட்டுங்கள். கார்பைடு பிளேடுக்கு 350 சுற்று, ஹெச்எஸ்எஸ் பிளேடுக்கு 140 சுற்று. நடுவில் ஏற்கெனவே துளை இருப்பதால் அறுக்க வேண்டியது 5 மி.மீ. மட்டுமே. ஒரு சுற்றுக்கு 0.05 மி.மீ. என்று வைத்தால் 100 சுற்றில் முடிந்துவிடும், அதாவது கார்பைடில் 17 விநாடி. அந்த 17 விநாடியும் கை நிற்கக் கூடாது. அதிர்வு தொடங்கினால் சுற்றைக் குறையுங்கள், ஃபீடைக் குறைக்காதீர்கள். அப்படியும் அடங்காவிட்டால் டூலை வெளியே எடுத்துவிட்டு, லேத்தை நிறுத்தி, மீதியை ஹேக்சாவால் அறுப்பதில் குறைவொன்றுமில்லை; காலரின் பின்முகத்தை எப்படியும் திருப்பிப் பிடித்துச் சீவத்தான் போகிறோம்.

திருப்பிப் பிடிக்கும்போது 12 மி.மீ. உடலைச் சுற்றி மெல்லிய செப்புத் தகடு வைத்துச் சக்கில் பூட்டுங்கள். உள்ளே துளை இருப்பதால் அதிகம் இறுக்கினால் முக்கோணமாக நசுங்கும். காலரின் தடிப்பு 3 மி.மீ. வரும்வரை 0.3 மி.மீ. வெட்டுகளாகச் சீவி, விளிம்புகளைச் சாய்த்துவிடுங்கள். பிசிறை அரத்தால் எடுக்கலாம், ஆனால் அரத்தின் பல்லில் டைட்டானியம் ஒட்டும். முதலில் பல்லில் சாக்குக்கட்டியைத் தேய்த்துக்கொண்டால் ஒட்டுவது குறையும்.

மரை

வெளிமரைக்கு டை (மரை வெட்டும் வளையம்) போடுவதை நான் கைவிட்டுவிட்டேன். டையின் நீண்ட உரசலில் டைட்டானியம் பற்றிக்கொண்டு மரையைக் கிழித்துவிடுகிறது. ஒற்றைமுனை டூலால் லேத்திலேயே வெட்டுவதுதான் நம்பகமானது. துளையிடாத திடமான தண்டில் எம்12 (12 மி.மீ. விட்டம்), 1.5 மி.மீ. பிட்ச் (மரைவரிகளின் இடைவெளி) உள்ள மரையை எடுத்துக்கொள்வோம். வெளிவிட்டத்தை 11.9 மி.மீ.க்குக் கடைந்து, மரை முடியும் இடத்தில் 3 மி.மீ. அகலத்துக்குப் பள்ளம் போடுங்கள். மொத்த ஆழம் 0.92 மி.மீ. அதை 0.20, 0.15, 0.12, 0.10, 0.09, 0.08, 0.07, 0.06, 0.05 என்று ஒன்பது வெட்டுகளாகப் பிரித்தால் கணக்கு மிகச் சரியாக முடியும். ஒவ்வொரு வெட்டிலும் விசை ஏறத்தாழச் சமமாக இருக்கும், கடைசி வெட்டும் தேய்க்காமல் சீவும். ஆழம் கூட்டாமல் அதே அளவில் மீண்டும் ஒருமுறை ஓட்டும் பழக்கம் ஸ்டீலில் பயன் தரும், இங்கே மரையின் பக்கங்களை மெழுகிவிடும்.

ஹெச்எஸ்எஸ் டூலால் 130 சுற்றில் வெட்டும்போது சேடில் விநாடிக்கு 3 மி.மீ.க்கு மேல் சக்கை நோக்கி ஓடும், தோள்பட்டைக்கு முன் நிறுத்த நெஞ்சு படபடக்கும். சக் போல்ட்டால் பிணைக்கப்பட்ட லேத்தாக இருந்தால் டூலைத் தலைகீழாகப் பூட்டி, லேத்தைப் பின்னோக்கிச் சுழற்றி, பள்ளத்திலிருந்து தொடங்கி டெயில்ஸ்டாக் பக்கமாக வெட்டலாம். ஹாஃப் நட்டைத் திறக்காமலே டூலை இழுத்து, லேத்தை நிறுத்தித் திரும்பி வரலாம். திருகு மரையில் பூட்டும் சக் உள்ள லேத்தில் இதைச் செய்யக் கூடாது, சக் கழன்றுவிடும்.

உள்மரைக்கு டேப் (உள்மரை வெட்டும் கருவி) போடும்போது துளையைச் சற்றுப் பெரிதாக்குங்கள். எம்6-க்கு வழக்கமான 5.0 மி.மீ.க்குப் பதில் 5.2 மி.மீ. போட்டால் மரையின் உயரம் 77 சதவீதத்திலிருந்து 62 சதவீதத்துக்குக் குறையும். கிரேடு 5-இன் வலிமையைப் பார்க்கும்போது பெரும்பாலான வேலைகளுக்கு அது போதும், டேப் உடைவதும் வெகுவாகக் குறையும்.

முடிந்த பொருளைச் சோப்பு நீரிலோ அசிட்டோனிலோ கழுவுங்கள். குளோரின் கலந்த கரைப்பான்களையும் மெத்தனாலையும் தவிருங்கள், விசை தாங்கும் டைட்டானியத்தில் அவை விரிசலைத் தூண்டக் கூடியவை. மரையைப் பூட்டும் முன், ஒவ்வொரு முறையும், பற்றிக்கொள்ளாமல் தடுக்கும் ஆன்டி-சீஸ் பேஸ்ட்டைத் தடவுங்கள். டைட்டானியத் திருகை டைட்டானிய நட்டில் உலர்வாக ஒருமுறை இறுக்கிவிட்டால், அதைக் கழற்ற அநேகமாக ஹேக்சாதான் வேண்டியிருக்கும்.